ஞானப்பூ சுட்ட இருபத்து மூன்று அப்பம்

ஞானப்பூவுக்கு லோரிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். புந்தோங் தெருவில் சத்தத்துக்கா குறைச்சல்? தகரப் பட்டறையில் தட்டிக்கொண்டே இருப்பார்கள், ரயில் ஊதும், சாக்கடை ஓரத்தில் வாத்துகள் கத்தும். அதற்குள் எங்கேயோ ஒரு லோரி கியர் மாற்றினால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். சத்தம் திருப்பம் தாண்டி ஈப்போ டவுன் பக்கம் போனதும்தான் மூச்சு வரும்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த 1943 ஜூன் மாதம் அவள் புருஷன் பாக்கியநாதன் அரிசி வாங்க பாசாருக்குப் போனான். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவன், முப்பத்தெட்டு வயது. வரிசையில் நின்றவர்களைச் சுற்றி இரண்டு லோரி வந்து நின்றதாம். ஆண்களை மட்டும் ஏற்றினார்களாம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். சாயந்திரம் யாரோ ஒரு சீனத்தி அரிசிப் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பையில் ஒரு மணி அரிசி இல்லை. ஞானப்பூ அதைத் துவைத்து மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது கோயில்தான். மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, தெருக் கோடியில் இருந்த சின்ன லுத்தரன் கோயில். தரங்கம்பாடி, பொறையார் பக்கமிருந்து ரயில்வேக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் கட்டியது. ஜெர்மன் மிஷன் வழி வந்த சபை என்பதால் தெருவில் அதற்குப் பெயர் 'ஜெர்மன் கோயில்'. வெள்ளைக்காரன் இருந்தபோது அந்தப் பெயராலேயே போலீஸ் வந்து, ஜெர்மனியிலிருந்து கடிதம் வருகிறதா என்று அலமாரியைக் குடைந்தது. ஜப்பான்காரன் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பண்ணினார்கள். "ஒங்களுக்கு என்னலா, ஜெர்மன்காரன் ஜப்பான்காரனுக்குக் கூட்டாளி. சீனி மூட்டையா வரும் பாருங்க." சீனியும் வரவில்லை, உப்பும் வரவில்லை. கோயிலில் பாதி ஆட்கள் காணாமல் போனதுதான் மிச்சம்.

தெருவும் மாறிக்கொண்டே இருந்தது. எதிர்வரிசைக் கடைவீடுகளில் இருந்த சீனக் குடும்பங்கள் ஒரே வாரத்தில் கதவைப் பலகை அடித்துவிட்டுப் போய்விட்டன. அந்த வீடுகளில் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். ரப்பர் பால் மரம் சீவ ஆளில்லாமல் தோட்டங்கள் படுத்துவிட, கோப்பெங் பக்கமிருந்து தோட்டத்துச் சனங்கள் சிரங்குக் காலோடு டவுனுக்கு நடந்து வந்தார்கள். போதகர் வேதமாணிக்கம் கோயில் பள்ளிக்கூட அறையைத் திறந்துவிட்டார். பதினோரு பெண்கள் குழந்தைகளோடு அங்கே பாய் போட்டார்கள். ஒருத்தர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. மதியம் பெரிய சட்டியில் மரவள்ளிக் கிழங்கு வேகும். ஞானப்பூதான் கிளறுவாள்.

இதில் எரிச்சல்பட்டவர் மாசிலாமணி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு ஓய்வுபெற்ற டிரெஸ்ஸர், சபையில் மூப்பர். தோட்டத்துப் பெண்கள் தூணுக்கு விபூதி பூசி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கோயிலா இது, சத்திரமா? நம்ம யாருங்கறதே மறந்துபோயிரும்லா கொஞ்ச நாள்ல," என்று போதகரிடமே கேட்டார்.

போதகர், "கெழங்கு வெந்துருச்சா பாருங்க மாசிலாமணி," என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

அந்தப் பதினோரு பெண்களில் ஒருத்தி செல்லாயி. அவள் புருஷன் அப்பாவு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன். சயாம் போகும் லோரியில் ஏற்றப்பட்டு, மழையில் லோரி சறுக்கிய இடத்தில் குதித்து, காடு வழியாக மாதக்கணக்கில் ஒளிந்து நடந்து வந்துசேர்ந்தவன். மூன்று வாரமாகக் கோயில் பின்புற விறகுக் கொட்டகையில் இருந்தான். இது தெரிந்தவர்கள் மூன்று பேர்: போதகர், செல்லாயி, ஞானப்பூ. தினமும் சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கை இலையில் சுற்றி விறகுக்கு நடுவே வைக்கும்போது ஞானப்பூ அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் அவன் ஒரு ஆளாகிவிடுவான், அப்புறம் பயம் இன்னும் கூடும் என்று நினைத்தாள். ஆனாலும் ஒருநாள் அவன் சொன்னான். "அக்கா, அந்த லோரியில எனக்கு முன்னால ஆஸ்பத்திரி சட்ட போட்ட ஒருத்தரு இருந்தாரு. என் கால் புண்ணுக்குத் துணி கிழிச்சுக் கட்டிவிட்டாரு."

"பேரு கேட்டியா?"

"கேக்கலக்கா. பேசினா அடிச்சாங்க."

அன்றிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அந்தக் கோயிலில் இராப்போஜனம், அப்பம் வாங்கும் ஆராதனை. அதற்கு ஒரு கட்டு உண்டு. சனிக்கிழமை நாலு மணிக்குப் போதகரிடம் வந்து பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது சண்டையா, மனதில் பாரமா என்று போதகர் கேட்பார், ஜெபம் பண்ணுவார், புத்தகத்தில் பேரை எழுதுவார். பேர் கொடுக்காதவருக்கு அப்பம் கிடையாது, அவர் யாராக இருந்தாலும் சரி. ஜெபித்து ஆசீர்வதித்த அப்பத்தில் மிச்சம் வைப்பதும் இல்லை. அதனால் எத்தனை பேரோ அத்தனை அப்பம்தான் சுடுவார்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்த நீளக் கைப்பிடி இரும்பு அச்சில் மாவை ஊற்றி அமுக்கினால், நடுவில் சிலுவை பதிந்து காசளவுக்கு வெள்ளையாக வரும். கோதுமை மாவு போய் மரவள்ளி மாவு வந்தபின் பழுப்பாக வந்தது. ஞானப்பூ ஒன்பது வருஷமாக அந்த அச்சைப் பிடித்தவள். ஒன்றுகூட முன்னே பின்னே ஆனதில்லை.

பாக்கியநாதன் போனபிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள். "அவரு பேரையும் எழுதுங்களேன் ஐயா."

"வராத ஆள எழுத முடியாதும்மா. வந்ததும் மொத பேரா எழுதறேன்."

அவருக்குப் பொய் எழுதத் தெரியாது. பேசவும் தெரியாது. ஊரே அறிந்த விஷயம் அது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, காயவைத்த அச்சை அடுப்பிலிருந்து எடுத்தபடியே எண்ணிக்கை கேட்கப் போனாள் ஞானப்பூ. கையில் துணி சுற்றிய இரும்பு. போதகர் அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வழக்கம்போல வாசலில் நின்றே, "இருபத்திமூணு பேருதானே ஐயா, இன்னும் யாராச்சும் உண்டா?" என்றாள்.

"இருபத்திமூணு. அவ்வளவுதான்," என்றார் போதகர்.

அப்புறம்தான் நாற்காலியில் இருந்த ஆளைப் பார்த்தாள். சதாசிவம். முன்பு ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, இப்போது ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் மொழிபெயர்க்கும் துபாஷி. பேர்ப் புத்தகத்தைக் காட்டச் சொல்லித்தான் வந்திருக்கிறான். சனங்கள் மனதில் இருப்பதைச் சொல்லி எழுதும் புத்தகம், காட்டமுடியாது என்று போதகர் அரை மணி நேரமாக மறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது புத்தகமே தேவையில்லாமல் போயிற்று. சதாசிவம் பேனாவைத் திறந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். இருபத்து மூன்று.

"நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு தெரியும் ஐயா," என்றான் மரியாதையாகவே. "பேரு குடுக்காத ஆளுக்கு உங்க அப்பத்தக் குடுக்கவும் மாட்டீங்க. அதான் எனக்கு வேணும். தோட்டத்துலருந்து ஓடி வந்தவன் இங்க இருக்கான்னு பேச்சு. பேரு குடுத்தவங்களத் தொடமாட்டேன். நாளைக்கு வாரேன்."

அவன் போனபின் ஞானப்பூ அச்சைப் பிடித்தபடியே நின்றாள். துணியைத் தாண்டிச் சூடு கையில் ஏறியது. அவள் விடவில்லை.

"என் வாயி ஐயா," என்றாள். "என் வாயி."

"பதில் சொன்னது நான்மா," என்றார் போதகர்.

அப்பாவுவை இருட்டுவதற்கு முன் அனுப்பிவிடலாமென்று செல்லாயி போய்ப் பார்த்தாள். தெருவின் இரண்டு முனையிலும் சிப்பாய் நின்றான். அவள் திரும்பி வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ நேரப்படி திருப்பி வைத்த கடிகாரத்தில் மணி பத்து, வெயிலுக்கு மணி எட்டரை. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது லோரி வந்தது. இந்தத் தடவை அது திருப்பம் தாண்டிப் போகவில்லை. கோயில் வாசலிலேயே நின்றது.

ஞானப்பூ பக்க அறைக்குள் ஓடினாள். சிப்பாய்கள் விறகுக் கொட்டகையைக் கலைக்கும் சத்தம் கேட்டது. அப்பாவு அதற்குள் அறைக்கு வந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். போதகர் அங்கி போட்டபடி நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. ஞானப்பூ ஆணியில் தொங்கிய அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து அப்பாவு மேல் மாட்டினாள். அப்பம் வாங்கும் நாளில் எல்லோரும் உடுத்துவது வெள்ளைதான்.

"ஞானப்பூ, அவனுக்கு ஞானஸ்நானம் ஆகல," என்றார் போதகர்.

"தெரியும் ஐயா. லோரி நிக்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"முன்னால போறவரப் பாத்துக்க," என்று அவள் அப்பாவுவின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அவரு என்ன செய்றாரோ அதச் செய். முட்டி போடு. வாயத் தெற. மெல்லாத." அவன் தலையாட்டினான்.

ஆண்கள் பெஞ்சில் அவனை மாசிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மூப்பர் அவனை ஒரு தடவை பார்த்தார், பாதங்களைப் பார்த்தார், பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் ஞானப்பூவுக்கு மிகப் பயமாக இருந்தது.

சதாசிவம் உள்ளே வந்தான். வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். "பூச நடக்கட்டும் ஐயா, நிறுத்தவேணாம்," என்றான் சதாசிவம் எல்லோருக்கும் கேட்க. "அப்பம் வாங்காத ஆம்பள லோரிக்கு. இருபத்திமூணுக்கு மேல ஒருத்தரு வாங்கினாலும், யாருன்னு நான் கண்டுபிடிச்சு ஏத்திருவேன். இன்னிக்கு எட்டு ஆளு வேணும். இல்லன்னா என்னயே ஏத்துவாங்க." கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னான். அவனும் வேர்த்திருந்தான்.

ஞானப்பூ பெண்கள் பக்கம் உட்கார்ந்து எண்ணினாள். பேர் கொடுத்த ஆண்கள் ஒன்பது. அப்பாவுவோடு பத்து. பெண்கள் பதினாலு. இருபத்து நாலு. மறுபடி எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்து நாலு. தட்டில் அவளே சுட்டு அடுக்கிய அப்பம் இருபத்து மூன்று.

ஆண்கள் ஐந்தைந்து பேராகப் பலிபீடத்துக்கு முன்னால் முட்டி போட்டார்கள். இரண்டாவது வரிசையில் அப்பாவு, அவனுக்கு இந்தப் பக்கம் மாசிலாமணி. அந்தக் கோயிலில் அப்பத்தைக் கையில் வாங்கும் வழக்கமே இல்லை. போதகர் நாக்கில்தான் வைப்பார். மூன்று பேர் வாங்கினார்கள். போதகர் அப்பாவு முன்னால் வந்து நின்றார்.

அப்பாவு பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பழகிய கை தானாக எழுந்தது. இடது கை மேல் வலது கையைக் குவித்து நீட்டினான். போதகர் ஒரு கணம் நின்றார். பிறகு அப்பத்தை அந்தக் கையில் வைத்தார். அப்பாவு அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான்.

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. சதாசிவம் எழுந்திருந்தான். அவனுக்குத் தெரியாதா அந்தக் கை? அவனும் அதே கையைக் குவித்து வளர்ந்தவன்தானே. பள்ளிக்கூட அறைப் பக்கம் செல்லாயி நிற்பதை ஞானப்பூ பார்த்தாள். அவள் அழக்கூட இல்லை. கல் மாதிரி நின்றாள்.

போதகர் மாசிலாமணிக்கு வந்தார். மாசிலாமணி, அறுபத்து மூன்று வயசு மூப்பர், தூணில் விபூதி பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாதவர், இடது கை மேல் வலது கையைக் குவித்து நீட்டினார். வாங்கினார். நிதானமாக, இந்தக் கண்ணில் ஒருமுறை, அந்தக் கண்ணில் ஒருமுறை ஒற்றினார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

பெஞ்ச் மறுபடி கிறீச்சிட்டது. சதாசிவம் உட்கார்ந்தான்.

அடுத்துப் பெண்கள் போனார்கள். முதல் வரிசையில் ஐந்து பேரும் கை நீட்டினார்கள், ஐந்து பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. கடைசி வரிசையில் எப்போதும் கடைசி ஆள் அவள். இப்போது அவள் எழுந்து போனால் தட்டும் காலி, சதாசிவத்தின் உள்ளங்கைக் கணக்கும் பொய்யாகும்.

அவள் எழுந்தாள். பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி நடந்தாள். கதவு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தாள். சிப்பாயைத் தாண்டி வாசலில் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை யாரும் துடைப்பம் தொட்டதில்லை. பெருக்குவதெல்லாம் சனிக்கிழமையோடு சரி. கை தன் பாட்டுக்குப் பெருக்க, அவள் காது உள்ளேயே இருந்தது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அப்புறம் போதகர் தட்டை மூடும் சத்தம்.

செருப்புக் காலடி அவள் பின்னால் வந்து நின்றது.

"நீ ஏன் போகல?"

"நான் பெருக்கிறவங்க."

"வெள்ளச் சேல கட்டியிருக்க."

"போதகரம்மா குடுத்த பழசுங்க."

"நேத்து இரும்பப் பிடிச்சிக்கிட்டு எத்தன பேருன்னு கேட்டது நீதானே?"

விளக்குமாறு ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தது. அங்கே குப்பையே இல்லை. "ஆமாங்க. அடுப்பு வேலயும் எனக்குத்தான். சுடறதுக்குக் கூலி குடுப்பாங்க. திங்க நமக்கு ஏதுங்க?"

"அப்ப நீ இந்தக் கோயில் ஆளு இல்ல."

அவள் தாத்தா பேர் அந்தக் கோயில் முதல் புத்தகத்தில் இருக்கிறது. அவளுக்குத் தண்ணீர் தெளித்ததும், பாக்கியநாதனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்ததும் அதே கூரைக்குக் கீழேதான். உள்ளே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லங்க," என்றாள். "நான் இவங்க ஆளு இல்ல."

சதாசிவம் உள்ளங்கையைப் பார்த்தான். வேர்வையில் மை கலங்கியிருந்தது. அவன் நம்பினானா, நம்பின மாதிரி இருந்துவிட்டானா, அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சிப்பாயிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். லோரி நகர்ந்தது. ஆனால் வெறும் லோரியாகப் போகவில்லை. தகரப் பட்டறை வரிசையில் நின்று எட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் போனது. பட்டறையில் தட்டும் சத்தம் அன்றோடு நின்றது. ஞானப்பூ விளக்குமாற்றைப் பிடித்தபடி அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் சனிக்கிழமை அவள் பேர் கொடுக்கப் போகவில்லை. அப்பம் மட்டும் சுட்டாள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் போதகரே அடுப்படிக்கு வந்தார். கையில் புத்தகம்.

"நான் எதுவும் கேக்கல. பேரு மட்டும் சொல்லு."

"நான் இந்தக் கோயில் ஆளு இல்லன்னு சொல்லிட்டேனே ஐயா. எல்லாரும் கேட்டாங்க. சொன்னது தப்புன்னு மனசு சொல்லமாட்டேங்குது, அதான் பயமா இருக்கு."

போதகர் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தார். "பேரு குடுக்காதவனுக்கு நான் குடுத்தேன். எனக்கும் தப்புன்னு தோணல. எனக்கும் பயமாத்தான் இருக்கு." புத்தகத்தைத் திறந்து அக்டோபர் மாதத்துப் பக்கத்தைக் காட்டினார். இருபத்து மூன்று பேரில் இருபத்து இரண்டு பேருக்கு நேரே, பெற்றதற்கான அடையாளம் இருந்தது. ஞானப்பூவின் பேருக்கு நேரே காலியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தார். "பொய் எழுத வரல. உண்மைய எழுதினா அவன் உசுரு போயிரும். அதான் விட்டுட்டேன். சண்ட முடியட்டும்."

அவள் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு தன் பேரைச் சொன்னாள்.

சண்டை முடிந்தது. பாக்கியநாதன் வரவில்லை, செத்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அப்பாவு பிழைத்திருந்தான். செல்லாயியோடு கோப்பெங்குக்கே பால் மரம் வெட்டப் போனான், மாரியம்மனுக்குக் கிடா வெட்டினான். ஆனால் புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை வந்து, போதகர் அந்தக் காலி வரியில் 'அப்பாவு' என்று எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். அந்தச் சபையில் அப்பத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. புதிதாக வந்த போதகர்கள் ஏன் என்று கேட்டால், மாசிலாமணி, "எங்க வழக்கம் அதான்லா," என்று மட்டும் சொல்வார்.

ஞானப்பூ இன்னும் இருபத்தாறு வருஷம் அந்த அச்சைப் பிடித்தாள். தெருவில் லோரி நின்றால், அது செங்கல் இறக்க வந்த லோரியாக இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவளுடைய எண்ணிக்கையும் மாறிப்போனது. சனிக்கிழமை எத்தனை பேர் பேர் கொடுத்தார்களோ, அதற்கு மேல் ஒன்று கூடுதலாகச் சுடுவாள். வேதமாணிக்கம் தட்டைப் பார்த்தார், எண்ணினார். ஆசீர்வதித்ததை மிச்சம் வைக்கக்கூடாதே, அங்கே இருந்தவரை ஒவ்வொரு மாதமும் அந்தக் கடைசி அப்பத்தை அவரே சாப்பிட்டார். பாக்கியநாதனுக்காகச் சுடுகிறாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அவள் இல்லையென்று சொல்லவில்லை.